அகதிகள் உதவி வேலைல டேட்டா அனலிஸ்ட் வாலண்டியர்: நம்ம குமரி பிள்ளைகள் கேக்குற கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் காலேஜ் முடிச்சிட்டு எக்செல், பைத்தான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச பிள்ளைகள் இதப் பத்தி கேட்டுட்டே இருக்காங்க. ஆளுக்கு ஆளு தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட நோவுது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுட்டேன். நான் பகல்ல சம்பளத்துக்கு வேல பாக்குற ஆளு, மிச்ச நேரத்துல தான் இந்த வேல, அதனால பெரிய நிபுணர்னு நெனச்சிராதீங்க.

அக்கா, அகதிகளுக்கு சோறு, துணி, மருந்து குடுக்கது புரியுது. டேட்டா அனலிஸ்டுக்கு அங்க என்ன வேல?

ஓகி புயல நெனச்சுப் பாரு மக்கா. 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் கடலுக்குப் போனவங்கள்ல எத்தன பேரு திரும்பி வரல்லன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண்ணு சொன்னாங்க. பங்குக் கோயில்ல ஒரு லிஸ்ட், அரசாங்கத்துக்கிட்ட ஒரு லிஸ்ட், டிவில ஒரு கணக்கு. ஒரு ஆளுக்கு வீட்டுல கூப்பிடுற பேரு ஒண்ணும் ரேஷன் கார்டு பேரு ஒண்ணுமா இருந்தா ரெண்டு லிஸ்டும் எப்படி ஒத்துப் போகும்? எந்த லிஸ்ட்லயும் பேரு இல்லாத ஆளோட வீட்டுக்கு நிவாரணம் எப்படிப் போகும்?

அகதிகள் வேலைலயும் இதே கத தான், அளவு மட்டும் பெருசு. யாரு இருக்கா, எத்தன பேரு, யாருக்கு என்ன கெடச்சிருக்கு, யாரு விட்டுப் போயிருக்கா, அடுத்த மாசம் எவ்வளவு வேணும், இதுக்கெல்லாம் பதில் ஏதோ ஒரு எக்செல் ஷீட்ல தான் கெடக்கும், அந்த ஷீட் பெரும்பாலும் குப்பையா இருக்கும். அத சுத்தம் பண்ணி, ரெண்டு லிஸ்ட சேத்து, எண்ணிப் பாத்து, ஃபீல்டுல நிக்குற ஆளுக்கு வெளங்குற மாதிரி ஒரு பக்கத்துல குடுக்கது தான் அனலிஸ்ட் வேல. முக்காவாசி நேரம் சுத்தம் பண்ணுறதுலயே போயிரும்னு இப்பவே சொல்லிடுறேன், பொறவு மெஷின் லேர்னிங் எங்கன்னு கேக்கக் கூடாது.

உலகம் முழுக்கப் பாத்தா 2024 கடைசி நெலவரப்படி வீட்ட விட்டுத் துரத்தப்பட்டவங்க 12 கோடியே 32 லட்சம் பேருன்னு யூஎன்எச்சிஆர் சொல்லுது, ஐநாவோட அகதிகள் அமைப்பு அது. அதுல எல்ல தாண்டி அகதியா ஆனவங்க 4 கோடியே 27 லட்சம், மிச்சத்துல பெரும்பங்கு சொந்த நாட்டுக்குள்ளயே எடம் மாறி ஓடுனவங்க. இந்த ரெண்டு எண்ணையும் கலந்து அடிக்காம இருந்தாலே நீ பாதி அனலிஸ்ட் ஆயிட்ட.

நம்ம மாவட்டத்துல அகதிகள் இருக்காங்களா?

இருக்காங்களே. பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம்னு கேம்புகள் இருக்கு. பஸ்ல போகும்போது பாத்திருப்பீங்க, என்னன்னு கேட்டிருக்க மாட்டீங்க. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பொறவு இலங்கைல இருந்து அலை அலையா வந்தவங்களும் அவங்க பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தமிழ்நாடு முழுக்க கேம்புக்குள்ள 58,000க்கு மேல, வெளிய பதிவு பண்ணி இருக்கவங்க 34,000 பக்கம்னு 2021 கணக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு பேர மாத்துனாங்க, அதனால பழைய ஃபைல்ல ஒரு பேரும் புது ஃபைல்ல ஒரு பேருமா இருக்கும், தேடும்போது ரெண்டையும் போட்டுத் தேடணும்.

இன்னொண்ணு, வந்தவங்க எல்லாரும் யாழ்ப்பாணம், மன்னார்னு நெனைக்காதீங்க, நெறைய பேரு மலையகத் தமிழர். தேயிலத் தோட்டத்துக்கு இங்க இருந்து வெள்ளக்காரன் கூட்டிட்டுப் போன குடும்பங்க. 1964 சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு எழுதுனாங்க, அதுல வர வேண்டியவங்க கொஞ்சம் பேரு முறையா வராம கலவரத்துல படகேறி வந்தாங்க. "பூர்வீகம்"னு ஒரு காலம் (எக்செல்ல மேல இருந்து கீழ வர்ற column) ஃபார்ம்ல இருந்தா அது சும்மா கெடக்குற காலம் கெடையாதுங்கறதுக்காக சொல்லுதேன்.

அப்ப நாளைக்கே நாலு பிரண்ட்ஸ் சேந்து கேம்புக்குப் போய் ஒரு சர்வே எடுக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. கேம்புக்குள்ள வெளியாளு நுழையணும்னா கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேணும், ரெவின்யூ ஆளுங்க இருக்காங்க, உளவு பாக்குற கியூ பிரிவு போலீஸ் கண்காணிப்பு இருக்கு. நீ செல்போன தூக்கிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு வந்திருவ, விசாரண அங்க இருக்கவங்களுக்கு தான் வரும். அது போக இத்தன வருஷமா எத்தன காலேஜ், எத்தன என்ஜிஓ, எத்தன பிஎச்டிக்காரங்க வந்து அதே கேள்விய கேட்டுட்டுப் போயிருப்பாங்க, பதில் சொன்னவங்களுக்கு அதுல என்ன கெடச்சுது?

ஏற்கெனவே அனுமதியோட உள்ள வேல பாக்குற அமைப்பு வழியா போங்க. ஓஃபர்னு சொல்லுற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், 1984ல சந்திரஹாசன் தொடங்குனது, அகதிகளே நடத்துறது. ஜேஆர்எஸ்னு சொல்லுற இயேசு சபை அகதிகள் பணியும் தமிழ்நாட்டு கேம்புகள்ல படிப்பு வேல செய்யுது. யூஎன்எச்சிஆருக்கு சென்னைல ஆபீஸ் இருக்கு, ஊருக்குத் திரும்பிப் போக நெனைக்குறவங்களுக்கு அவங்க உதவிட்டு வந்தாங்க. இந்த மாதிரி எடத்துல மொத வாட்டி போய் கேக்கும்போது "நான் டேட்டா சயின்ஸ் தெரிஞ்ச ஆளு"ன்னு ஆரம்பிக்காதீங்க. "உங்க ரிப்போர்ட் வேல எதாவது தேங்கிக் கெடக்கா, எக்செல்ல எதாவது சிக்கி நிக்கா"ன்னு கேளுங்க, கட்டாயம் ஒண்ணு இருக்கும்.

கேம்புலயே பிறந்து வளந்து இஞ்சினியரிங், பிசிஏ முடிச்ச பிள்ளைகள் இருக்காங்கங்கறதையும் மறந்திராதீங்க. வெளிய இருந்து போற நமக்கு எக்செல் தெரியும், அவங்களுக்கு எக்செலும் தெரியும் கேம்பும் தெரியும். வாய்ப்பு கெடச்சா அவங்களோட சேந்து பண்ணுங்க, நம்ம பேரு பின்னால வந்தாப் போதும்.

நான் பிகாம், கோடிங் தெரியாது. தேறுவேனா அக்கா?

தேறுவ. டேலி என்ட்ரி போட்டு பழகுனவங்களுக்கு ஒரு ரூபா கணக்கு ஒதைச்சாலும் தூக்கம் வராது பாத்தியா, அந்தக் குணம் தான் இதுக்கு வேணும். எக்செல்ல பிவட் டேபிள் (தொகுத்து எண்ணுறது), எக்ஸ்லுக்கப் (இன்னொரு லிஸ்ட்ல தேடி எடுக்கது), பவர் குவெரி (சுத்தம் பண்ணுறது) மூணும் கையில நின்னா உடனே எதாவது வேலைல சேரலாம். பொறவு நேரம் இருந்தா ஆர் (R), இல்லன்னா பைத்தான், ஏதாவது ஒரு கோடிங் மொழி படி, மேப் வேலைக்கு கியூஜிஐஎஸ், அது இலவசம்.

ஆர் நல்லதா பைத்தான் நல்லதா பவர் பிஐ நல்லதா?

நீ சேருற டீம்ல என்ன ஓடுதோ அது நல்லது. நீ போனதுக்குப் பொறவும் அவங்க அத ஓட்டணும்ல.

ரிமோட்டா செய்யணும்னா எங்க தேடணும்?

ஐநாவோட தன்னார்வலர் அமைப்பான யூஎன்வி தளத்துல ஆன்லைன் வாலண்டியர்னு ஒரு பிரிவு இருக்கு, 18 வயசு ஆயிருக்கணும், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வாங்க மாட்டாங்க, ஒரு வேல 12 வாரத்துக்குள்ள முடியுற மாதிரி தான் போடுவாங்க. புள்ளியியல் படிச்சவங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விதவுட் பார்டர்ஸ் இருக்கு, அமெரிக்க புள்ளியியல் சங்கத்தோட வெளிப்பணி அமைப்பு, உலகத்துல எங்க இருந்தும் சேரலாம். டேட்டா தெரிஞ்சவங்கள சேவை அமைப்புகளோட சேத்து விடுற டேட்டாகைண்ட்டுன்னு ஒண்ணு, 2011ல நியூயார்க்ல தொடங்கி பெங்களூர் வரைக்கும் வந்தது. மேப்ல ஆர்வம் இருந்தா ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம், அதுல இன்னைக்கே சாயங்காலம் ஒக்காந்து சேட்டலைட் படத்தப் பாத்து வீடு, ரோடு வரையத் தொடங்கலாம், இன்டர்வியூ கெடையாது. கை பழகாதவங்க அங்கேயே தொடங்குறது நல்லதுன்னு நெனைக்கேன்.

யாரும் எடுக்கலன்னாலும் சும்மா இருக்க வேண்டாம். 2014ல ஐநா தொடங்குன எச்டிஎக்ஸ் தளத்துல மனிதநேய டேட்டாசெட் ஆயிரக்கணக்குல இலவசமா கெடக்கு. யூஎன்எச்சிஆரோட ரெஃபியூஜி டேட்டா ஃபைண்டர்ல 1951ல இருந்து நாடு வாரியா எண்ணு இருக்கு. இலங்கைல இருந்து இந்தியாவுக்கு வந்தவங்க எண்ணிக்கைய வருஷ வாரியா எடுத்து ஒரு கோடு வரைஞ்சு பாரு, ஏன் ஏறுது ஏன் எறங்குதுன்னு ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டு வரி எழுது. இன்டர்வியூல அந்த ஒரு பக்கம் உன் சர்டிபிகேட் கட்ட விட நல்லா பேசும்.

டேட்டா குப்பைன்னு சொல்லுதீங்களே, என்ன மாதிரி குப்ப?

இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கோர்ஸ்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அங்க குடுக்குற டேட்டா எல்லாம் குளிச்சு பவுடர் போட்டு வந்தது.

மொதல்ல எழுத்து. பழைய ஃபைல் பாமினி ஃபாண்ட்ல இருக்கும், அரசு ஆபீஸ்ல இருந்து வந்தா வானவில்ல இருக்கும். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தெறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரப்புள்ளியுமா கொட்டிக் கெடக்கும், வைரஸ்னு நெனச்சு அழிச்சிராதீங்க, கன்வர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாத்தலாம். ஆனா ஒரே ஷீட்ல கொஞ்சம் வரி பாமினி கொஞ்சம் வரி யூனிகோடுன்னு இருந்தா மொத்தமா மாத்துனா இருந்ததும் கெட்டுப் போகும், வரி வரியா பிரிச்சுப் பாத்து தான் மாத்தணும். யூனிகோடு ஆனப் பொறவும் தொல்ல தீராது. "கொ"ங்கற எழுத்த ஒரே கொம்பு காலா அடிச்சதும், கொம்பு தனி கால் தனியா அடிச்சதும் கண்ணுக்கு ஒண்ணு தான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற வேற பேரு. ரெண்டையும் ஒரே வடிவமாக்குற என்எஃப்சி நார்மலைசேஷன்னு ஒரு வரி புரோகிராம் கோடு இருக்கு, மேட்ச் பண்ணுறதுக்கு முன்னாடி அத ஓட்டிரு. "ஔ"க்கு பதிலா ஒ, ள ரெண்டையும் சேத்து அடிச்சிருப்பாங்க, அதுக்கு அதுவும் ஒதவாது, நீயே தேடி மாத்தணும். தமிழ் இருக்க சிஎஸ்வி ஃபைல டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல தெறக்காதீங்க, டேட்டா டேப் வழியா யூடிஎஃப் எட்டுன்னு குடுத்து எறக்குங்க.

அடுத்தது பேரு. இலங்கைல இங்கிலீஷ்ல தகரத்துக்கு Th போட்டு எழுதுவாங்க, தர்ஷினி அங்க Tharshini, இங்க ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாரு Th-அ தூக்கிட்டு D போட்டு Darshini ஆக்கியிருப்பாரு. ஒரே பிள்ளைக்கு கேம்ப் லிஸ்ட்ல ஒரு எழுத்து, டிசில ஒரு எழுத்து. பேரு மேட்ச் பண்ண சவுண்டெக்ஸ்னு ஒரு முறைய எல்லாரும் சொல்லுவாங்க, அது மொத எழுத்த அப்படியே வச்சிட்டு மிச்சத்தத் தான் பாக்கும், நம்ம பேருக்கு மொத எழுத்துலயே தகராறு, அதனால ஒதவாது. எழுத்து வித்தியாசத்த எண்ணுற லெவன்ஷ்டைன் மாதிரி முறைய எடுத்து, கூட அப்பா பேரு, பிறந்த வருஷம், குடும்ப எண்ணு சேத்துப் பாருங்க. இனிஷியல் முன்ன வரும், பின்ன வரும், விரிஞ்சு வரும். கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இனிஷியலே மாறும். கம்ப்யூட்டர் "ஒரே ஆளு மாதிரி இருக்கு"ன்னு எடுத்துக் குடுக்கட்டும், ஒரே ஆளு தான்னு முடிவு பண்ணுறது ஊரு தெரிஞ்ச மனுஷனா இருக்கணும். டூப்ளிகேட்னு நெனச்சு ஒரு வரிய அழிச்சா அங்க ஒரு ஆளோட மாசப் பணம் நிக்கும், நம்ம எக்செல்லுக்கு அது தெரியாது.

படிப்பு காலம் இன்னொரு கூத்து. ஓஎல், ஏஎல்னு எழுதியிருக்கும். ஓஎல் இலங்கைல பதினொண்ணாம் வகுப்பு முடிச்சு எழுதுற பரீட்ச, ஏஎல் பதிமூணாம் வகுப்பு முடிச்சு எழுதுறது, நம்ம டென்த்து பிளஸ் டூவோட வருஷக் கணக்கு ஒக்காராது. மாத்தணும்னா மாத்து, ஆனா மூல காலத்த அழிக்காம பக்கத்துல புது காலம் போட்டு மாத்து. வயசுப் பிரிவும் அப்படித் தான், யூஎன்எச்சிஆர் 0-4, 5-11, 12-17, 18-59, 60க்கு மேலன்னு பிரிக்கும், நம்ம அரசு ஒதவித் தொகைக்கு 12 வயசு தான் கோடு. 2021ல கூட்டுன கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, 12 வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு 500 ரூபா. அதனால வயசுப் பிரிவ மட்டும் வாங்கி வைக்காம பிறந்த தேதியவே வாங்குனா தான் எந்தக் கோட்டுலயும் வெட்டலாம்.

பிறந்த தேதி ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தா என்ன பெரிய விஷயம்? சராசரி மாறாதுல்ல?

சராசரி மாறாது, ஆனா ஆளோட தலையெழுத்து மாறும்.

இந்திய குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்த மண்ணுல பிறந்தவங்க பிறப்பாலயே குடிமக்கள், அப்பா அம்மா எந்த நாட்டுக்காரங்கன்னு பாக்கதில்ல. அதுக்குப் பொறவு பிறந்தா பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியக் குடிமக்களா இருக்கணும், 2004 டிசம்பர்ல இருந்து இன்னும் இறுக்கிட்டாங்க. மண்டபம் கேம்புல 1986ல பிறந்த ஒரு பொண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கணும்னு மதுரை ஐகோர்ட் கிளை 2022ல சொல்லிச்சு, அந்தத் தீர்ப்பு முழுக்க நின்னது பிறந்த தேதிலயும் பிறந்த எடத்துலயும் தான். இப்ப யோசி, உன் ஷீட்ல 03/07/1987னு இருக்கு, எக்செல் அத அமெரிக்கா முறைல மார்ச் 7னு எடுத்துக்கிட்டா கோட்டுக்கு இந்தப் பக்கம், ஜூலை 3னு எடுத்தா அந்தப் பக்கம்.

வந்த தேதியும் அதே மாதிரி. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, 2019 குடியுரிமைத் திருத்தத்துல இலங்கை இல்ல. ஆனா 2025 செப்டம்பர்ல வந்த ஒரு மத்திய அரசு உத்தரவு 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணியிருக்க இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லாததுக்கான தண்டன பிரிவுல இருந்து விலக்கு குடுத்திச்சு. அப்ப "வந்த தேதி"ங்கற காலம் எவ்வளவு கனம்னு பாத்துக்கோ. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, 1984ல வந்து, 1987ல இந்திய இலங்கை ஒப்பந்தம் ஆனதும் நிம்மதின்னு ஊருக்குத் திரும்பி, 1990ல மறுபடி சண்ட தொடங்கி மறுபடி படகேறி வந்த குடும்பங்க இருக்கு. அவங்களுக்கு எத எழுதுவ? ஒரு லிஸ்ட்ல மொத வாட்டி வந்தது இருக்கும், இன்னொண்ணுல கடைசியா வந்தது இருக்கும், ரெண்டும் சரி தான். நீ "முரண்பாடு"ன்னு செவப்பு கலர் அடிச்சு ஒண்ண அழிச்சிட்டா தான் தப்பு. ரெண்டு காலம் போடு.

ஜனவரி 1னு பிறந்த தேதி கூட்டமா இருந்தா அது தேதி தெரியாதவங்களுக்கு எழுதுனவரு போட்டது, வயசு 40, 45, 50ன்னு குவிஞ்சு கெடந்தா குத்துமதிப்பா கேட்டு எழுதுனது. திருத்தாதே, "தோராயம்"னு பக்கத்துல ஒரு குறி போடு. திருத்த வேண்டிய ஆளு அந்தந்த குடும்பமும் அதுக்குப் பொறுப்பான ஆபீசும் தான்.

சர்வே ஃபார்ம் செய்யச் சொன்னா எப்படி?

கோபோ டூல்பாக்ஸ் படிச்சிருங்க, உலகம் முழுக்க இந்த வேலைல அது தான் ஓடுது. போன்ல நெட் இல்லாமலே ஃபார்ம் நெரப்பி சிக்னல் வந்ததும் அனுப்பலாம், தமிழ்லயும் கேள்வி வைக்கலாம், ஆணுன்னு போட்டா கர்ப்பம் பத்தின கேள்வி வராத மாதிரி தாவ விடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் "தெரியாது", "சொல்ல விருப்பமில்ல"ன்னு ரெண்டு பதில் கட்டாயம் இருக்கட்டும். இல்லன்னா ஜனங்க எதையாவது ஒண்ண சொல்லிடுவாங்க, நீயும் அத உண்மைன்னு எண்ணிடுவ.

எந்த நேரம் கேக்காங்கங்கறதையும் பாரு. கேம்புல ஆம்பளைங்க நெறைய பேரு பெயிண்டிங் வேலைக்கும் கூலி வேலைக்கும் காலைலயே போயிருவாங்க, பதினோரு மணிக்குப் போய் சர்வே எடுத்தா வீட்டுல இருக்க பாட்டிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் தான் பதில் சொல்லுவாங்க, பொறவு "வேலைக்குப் போறவங்க கம்மி"ன்னு ஒரு சார்ட் வரும். நம்ம ஊர்ல மழை ரெண்டு பருவமும் அடிக்கும், மழைல பெயிண்டிங்கும் கெடையாது ரப்பர் பால் வெட்டும் கெடையாது, ஜூன் மாசம் கேட்ட வருமானமும் ஜனவரில கேட்ட வருமானமும் ஒண்ணா இருக்காது. எந்த மாசம், எந்த நேரம், யாரு பதில் சொன்னா, மூணையும் ஃபார்ம்லயே பதிஞ்சு வையி.

தேவப்படாத கேள்விய வெட்டு. இந்த பதில வச்சு யாரு என்ன முடிவு எடுக்கப் போறாங்கன்னு ஒவ்வொரு கேள்விக்கும் கேளு, பதில் வரலன்னா அந்தக் கேள்விய தூக்கு. "இருந்தா பின்னாடி ஒதவும்"னு சொல்லுறவங்க தான் இந்த வேலைல பெரிய தலவலி.

பேரு, போன் நம்பர அழிச்சிட்டா டேட்டாவ ஷேர் பண்ணலாம் தான?

அழிச்சாப் போதும்னு நெனைக்கவங்க தான் அதிகம். சில நூறு பேரு இருக்க கேம்புல "பெண், 34 வயசு, கணவர் இல்ல, மூணு பிள்ள, ஒரு பிள்ள மாற்றுத் திறனாளி"ன்னு ஒரு வரி வந்தா பேரே தேவையில்ல, டீக்கடைல ஒக்காந்திருக்கவங்க ஆள சொல்லிடுவாங்க. டேபிள்ல ஒரு கட்டத்துக்குள்ள 5க்கு கம்மியா எண்ணு வந்தா அத அப்படியே வெளியிடாதீங்க, பக்கத்துப் பிரிவோட சேத்திருங்க. யூஎன்எச்சிஆரே பொதுவுல விடுற டேட்டால சின்ன எண்ணுகள 5க்கு ரவுண்ட் பண்ணி தான் விடுது. ஆர் தெரிஞ்சவங்களுக்கு எஸ்டிசிமைக்ரோன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, எந்த வரில ஆள் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போட்டு காட்டும்.

பயமுறுத்த சொல்லல, நடந்தத சொல்லுதேன். 2022 ஜனவரில செஞ்சிலுவைச் சங்கத்தோட சர்வதேசக் குழு சர்வர்ல புகுந்து 5,15,000க்கு மேல ஆளுங்களோட விவரத்த எடுத்துட்டாங்க. அதுல இருந்தவங்க போர்ல, புலம்பெயர்வுல குடும்பத்தப் பிரிஞ்சவங்க, காணாம போனவங்கள தேடுறவங்க. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அப்படி. இன்னொண்ணு 2021 ஜூன்ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதுனது: பங்களாதேஷ்ல ரோஹிங்யா மக்கள்கிட்ட வாங்குன விவரம் பங்களாதேஷ் அரசு வழியா அவங்க எந்த அரசுக்கு பயந்து ஓடி வந்தாங்களோ அந்த மியான்மர் அரசுக்கே போச்சுன்னு. கேட்டு சம்மதம் வாங்கித் தான் செஞ்சோம்னு யூஎன்எச்சிஆர் பதில் சொல்லிச்சு, முழுசா புரிஞ்சு குடுத்த சம்மதம் இல்லன்னு அறிக்க சொல்லிச்சு. கார்டு கெடச்சா தான் அரிசின்னு நிக்குற ஆளு கட்டத்துல டிக் அடிச்சா அத சம்மதம்னு எப்படி எடுக்கது, நீயே சொல்லு.

இலங்கைல இன்னும் சொந்தக்காரங்க இருக்க குடும்பத்துக்கு "ஏன் வந்தீங்க"ங்கற காலத்துல எழுதியிருக்கது எவ்வளவு ஆபத்துன்னு இதுல இருந்து யோசிச்சுக்கலாம். நம்ம நாட்டுல 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, அதுல 18 வயசுக்குள்ள பிள்ளைகள் விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும். மனிதநேய வேலைக்குன்னே ஐநா அமைப்புகளும் மத்த உதவி அமைப்புகளும் சேந்து 2021ல டேட்டா பொறுப்பு வழிகாட்டின்னு ஒண்ணு போட்டிருக்காங்க, சேருறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிச்சிருங்க.

நடைமுறைல: வாட்ஸ்அப்ல ஷீட் அனுப்பாதே, சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதே, பிரவுசிங் சென்டர்ல தெறக்காதே, லேப்டாப்ப வீட்டுல தம்பி கேம் ஆட எடுப்பான்னா தனி லாகின் போடு. பேரு ஒரு ஃபைல், மிச்ச விவரம் வேற ஃபைல், நடுவுல ஒரு கோடு நம்பர் மட்டும். உனக்கு பேரு ஃபைல் தேவையே இல்லன்னா வேண்டாம்னு சொல்லிரு, அவங்களா தந்தாலும்.

சாட்ஜிபிடில போட்டா அஞ்சு நிமிஷத்துல சுத்தம் பண்ணித் தருமே அக்கா?

கோடு எழுதச் சொல்லு, சொந்தமா பத்து வரி பொய் டேட்டா செஞ்சு போட்டு டெஸ்ட் பண்ணு. உண்மையான ஷீட்ட ஏத்தாதே. அந்தக் குடும்பம் சம்மதம் குடுத்தது அமைப்புக்கு.

எல்லா எண்ணையும் சார்ட்டா ஒரே ஸ்கிரீன்ல காட்டுற மாதிரி சூப்பரா ஒரு டேஷ்போர்டு போட்டா எல்லாருக்கும் ஒதவும்ல?

யாரு பாக்கப் போறா? வாலண்டியர் வந்ததும் மொத வேலையா டேஷ்போர்டு போடணும்னு கை துடிக்கும், மூணு மாசம் கழிச்சு அத தெறந்து பாக்க ஆள் இருக்காது, அப்டேட் பண்ணவும் ஆள் இருக்காது. ஃபீல்டு ஆளுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு பிரிண்ட் அவுட், "இந்த மாசம் இந்தப் பன்னண்டு வீட்டுக்குப் போகணும்"னு ஒரு லிஸ்ட். தமிழ்ல, பெரிய எழுத்துல. அவங்க வேலைக்கு ஒதவுனா அது தான் நல்ல அனலிஸிஸ். நிதி குடுக்குறவங்களுக்கு காட்டன்னு டேஷ்போர்டு கேட்டா போட்டுக் குடு, தப்பில்ல, ஆனா அகதிகளுக்காக போட்டேன்னு சொல்லாதே.

சராசரிய விட, வரிசையா அடுக்குனா நடுவுல வர்ற எண்ண (மீடியன்) எடு, ஒரு வீட்டுல வெளிநாட்டுல இருந்து பணம் வந்தா மொத்த கேம்போட சராசரி வருமானமும் தூக்கிக் காட்டும். சதவீதம் போடும்போது எத்தன பேர்லன்னு பக்கத்துல எழுது. 50 சதவீதம்னு சொல்லிட்டு அது நாலு பேர்ல ரெண்டு பேருன்னா என்ன பிரயோஜனம்.

காசு எதாவது கெடைக்குமா? சர்டிபிகேட்?

காசு கெடைக்காது. யூஎன்வி ஆன்லைன் வேல ஒழுங்கா முடிச்சா சர்டிபிகேட் வரும், சின்ன அமைப்புல கேட்டா லெட்டர் தருவாங்க. சேருறதுக்கு பணம் கட்டச் சொன்னா ஓடிருங்க, அது வேற தொழில். ரெசியூம்ல எழுதும்போது எத்தன வரி டேட்டா, என்ன முறைன்னு எழுது, யாரோட கதையையும் எழுதாதே, கேம்ப் பேரக் கூட போடாம இருக்கது நல்லது.

வீட்டுல "ஒனக்கு சம்பளமே இல்ல, இதுல ஊருக்கு ஒழைக்க போறியா"ன்னு திட்டுதாங்க.

எல்லா வீட்டுலயும் திட்டு தான். வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம்னு மொதல்லயே சொல்லி சேரு. இருபது மணி நேரம் தாரேன்னு சொல்லிட்டு ரெண்டாவது வாரமே காணாம போறவங்கள விட, ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் தவறாம ஒக்காருறவங்கள தான் அவங்களுக்குப் பிடிக்கும்.

கஷ்டமான விஷயம் எல்லாம் படிக்க வருமா? தாங்குமா?

எண்ணு மட்டும் பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. "குறிப்பு"ன்னு கடைசில ஒரு காலம் இருக்கும் பாரு, சர்வே எடுத்தவங்க எழுதி வச்சது, அத நூறு எறநூறு வரி தொடர்ந்து படிச்சா ராத்திரி தூக்கம் போகும். அந்தக் காலத்த தனியா எடுத்து கொஞ்சம் கொஞ்சமா படி, ராத்திரி படிக்காதே, டீம்ல ஒருத்தர்கிட்ட பேசு. ஆனா வீட்டுலயோ பிரண்ட்ஸ்கிட்டயோ அந்தக் கத எதையும் சொல்லக் கூடாது, பேரு மாத்திக் கூட. நம்ம மாவட்டம் சின்னது, யாருக்கு யாரு சொந்தம்னே தெரியாது. படிச்சிட்டு இருக்கும்போதே ஒரு பிள்ளைக்கு ஆபத்து இருக்கு, வீட்டுல அடி நடக்குதுன்னு தெரிஞ்சா நீயா ஒண்ணும் செய்யாதே, அன்னைக்கே உன் பொறுப்பாளருக்கு போன் போட்டு சொல்லு. சேரும்போதே அதுக்கு யாருக்கு சொல்லணும்னு கேட்டு வச்சுக்கோ.

நடுவுல வேல கெடச்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிட்டா?

போ, சந்தோஷமா போ. ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிரு. எந்த ஃபைல் எங்க இருக்கு, எந்த காலத்த எப்படி மாத்துன, எத மாத்தாம விட்ட, ஏன் விட்டன்னு தமிழ்லயே ரெண்டு பக்கம் எழுதி வையி. அடுத்து வர்ற பிள்ள அத மட்டும் படிச்சு வேலைய எடுக்குற மாதிரி இருக்கணும், உனக்கு போன் போடுற மாதிரி இருக்கக் கூடாது. உன் லேப்டாப்ல இருக்கத அழி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பாரு, அங்க தான் எல்லாரோட பழைய காப்பியும் கெடக்கும். கோபோ, டிரைவ் எல்லாத்துலயும் இருந்து உன் பேர எடுக்கச் சொல்லு, எடுத்தாச்சான்னு ஒரு வாரம் கழிச்சு நீயே லாகின் போட்டுப் பாத்து, இன்னும் தெறந்துச்சுன்னா திரும்ப மெயில் போடு.